சிரிப்பு வந்தால் விபத்து இல்லை

கோதண்டம் விழுந்து முடிக்கப் பதினான்கு நொடி ஆனது. அது விபத்தே இல்லை என்று முடிவு செய்ய நிர்வாகத்துக்கு இரண்டு மாதம் ஆனது. நிர்வாகம் எதையும் அவசரப்பட்டுச் செய்வதில்லை.

எண்ணூர் போகிற சாலையில், டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நின்று புகை கக்கும் இடத்தில் இருக்கிறது கடலரசி கன்டெய்னர் யார்டு. துறைமுகத்திலிருந்து வரும் காலிப் பெட்டிகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, உள்ளே கிடக்கும் ஆணி, கட்டைகளைப் பொறுக்கி, அடுத்த சரக்குக்குத் தயார் செய்வது கோதண்டத்தின் வேலை. பதினோரு வருஷமாக அதே வேலை, அதே ஒப்பந்தக்காரர். வயது ஐம்பத்திரண்டு. எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு.

அன்று காலை பொது மேலாளர் சுப்புராஜ் யார்டைச் சுற்றிப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் உட்கார நாற்காலி வேண்டும் என்றார்கள். கோதண்டம் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுவுமேடை வழியாகக் குறுக்கே வந்தார். மேடை முழுக்கச் சோப்பு நுரை. முதலில் கால் போனது. போன வேகத்தில் நாற்காலி தலையை விட்டு எகிறி, காற்றில் ஒரு சுற்று சுற்றி, நான்கு காலில் நிமிர்ந்து நின்றது. கோதண்டம் சரியாக அதன் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, சாமி ஊர்வலம் போவது மாதிரி நுரையில் பன்னிரண்டு அடி தூரம் வழுக்கிக்கொண்டு போனார். எதிரே சுப்புராஜின் கார் உள்ளே நுழைந்தது. பிடித்துக்கொள்ள ஏதாவது அகப்படுமா என்று கோதண்டத்தின் வலது கை மேலே போனது. பார்க்கிறவர்களுக்கு அது காருக்கு அடித்த சல்யூட். அப்புறம் நாற்காலியும் அவருமாகக் கழிவுநீர்க் குழிக்குள் மறைந்தார்கள். குழியை மூட வேண்டிய இரும்புச் சல்லடை எட்டு மாதமாக அங்கே இல்லை.

இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் ஒடிந்தது. இடுப்பெலும்பில் விரிசல்.

மேலே இருந்த கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதைத் தன் போனில் பிடித்து நான்கு பேருக்கு அனுப்பினார். யாரோ பின்னணியில் கல்யாண பேண்டு வாத்தியம் சேர்த்தார்கள். யாரோ ‘சல்யூட் மாமா’ என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர் கோதண்டத்தின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் தன் போனை நீட்டினார்.

“பெரியவரே, இது நீங்கதானே?”

“ஆமா சார்.”

“பிரமாதம். எங்க வூட்டுப் பசங்க இதப் போட்டாத்தான் சோறு துன்னுது. அந்தக் கைய அசைக்காதீங்க.”

மாவுக்கட்டோடு மூன்று வாரம் கழித்து கோதண்டம் யார்டுக்குப் போனார். வேலையில் நடந்த விபத்து என்று கம்பெனி ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தால்தான் இ.எஸ்.ஐ.யில் வேலையில்லாத நாட்களுக்கு உரிய உதவி கிடைக்கும். கை சரியாகக் கூடாமல் போனாலும் அந்தக் காகிதம்தான் பேசும். வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று மேலே எழுதி, கீழே எண்ணை மாற்றி மாற்றி மாட்டுவார்கள். அவர் விழுந்த அன்று காலை அதில் 1,370 இருந்தது. இப்போது 1,391.

பாதுகாப்பு அதிகாரி ஜெரின் இருபத்தெட்டு வயதுப் பிள்ளை. ஏ.சி. அறைக்குள்ளும் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். கோதண்டத்தைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். காகிதம் மட்டும் கொடுக்கவில்லை.

“இன்னா சார், வாசல்ல நம்பரு ஏறிக்கினே போவுது? நா வுயுந்த அன்னிக்கே முட்ட போட்ருக்கணுமே?”

“அண்ணே, நீங்க விழுந்தத யாரும் இல்லன்னு சொல்லல. விழுந்தீங்க. ஆனா அது விபத்தான்னு ஒரு முடிவுக்கு வரணும்ல? அதுக்குத்தான் கமிட்டி போட்ருக்கோம்.”

“கை ஒட்ஞ்சிகீது சார்.”

“அது காயம் அண்ணே. காயம் வேற, விபத்து வேற. ரெண்டையும் கொழப்பிக்கக் கூடாது.”

1,500-ஆவது நாளன்று தலைமை அலுவலகம் ஒரு கேடயம் தருவதாக இருந்தது என்பதை ஜெரின் சொல்லவில்லை. டீ கொண்டுவந்தவர் சொன்னார்.

கமிட்டிக்குத் தலைவர் சுப்புராஜ். செயலாளர் ஜெரின். ‘நடுநிலை நிபுணர்’ என்று ஒருவர் வேண்டும் என்பதால் நுங்கம்பாக்கத்திலிருந்து டாக்டர் ஜெமிமாவை வரவழைத்திருந்தார்கள். பிறர் தடுக்கி விழும் வீடியோக்களை மனிதர்கள் ஏன் ரசிக்கிறார்கள் என்று ஒன்பது வருஷம் ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். கம்பெனிகளுக்கு மனநல ஆலோசனை சொல்வது தொழில். கனிவான குரல். கோதண்டத்தின் மாவுக்கட்டைப் பார்க்காமலே பேசும் அளவுக்குப் பண்பு.

“மனித மூளை ரொம்பக் கருணையானது” என்று அவர் தொடங்கினார். “ஒருத்தர் விழுவதைப் பார்த்ததும் அது ஒரே ஒரு கேள்விதான் கேட்கும். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஆகிவிட்டது என்றால் நாம் பதறுவோம். ஒன்றும் ஆகவில்லை, இது வெறும் விளையாட்டு என்று உறுதியான பிறகுதான் மூளை சிரிப்பை வெளியே விடும். ஆகவே சிரிப்பு என்பது என்ன? பாதிப்பு இல்லை என்று மூளை கொடுக்கும் சான்றிதழ். டாக்டர்கள் தவறு செய்யலாம். எக்ஸ்ரே தவறு செய்யலாம். சிரிப்பு தவறே செய்யாது.”

சுப்புராஜ் மேசையைத் தட்டினார். அவர் தூத்துக்குடிப் பக்கம். முப்பது வருஷம் வடசென்னையில் இருந்தும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர்.

“இதத்தானம்மா நானும் சொல்லுதேன். அன்னைக்கு கார்ல இருந்து பாத்தேன், எனக்குச் சிரிப்பு தாங்கல. கொஞ்சமாவது அடிபட்டிருந்தா நான் சிரிப்பனா? நான் என்ன மிருகமா?”

சிரித்ததால் அடிபடவில்லையா, அடிபடாததால் சிரித்தார்களா என்று கோதண்டம் யோசித்தார். யோசிக்க யோசிக்க இடுப்பு வலித்தது.

அறிவியல் முறைப்படி செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், மறுவாரம் கேன்டீனில் திரை கட்டினார்கள். நூற்றுப்பன்னிரண்டு ஊழியர்கள். மூலைக்கு ஒருவராக நான்கு பேர் கையில் அட்டையோடு நின்றார்கள், சிரிப்பைக் குறிக்க. கோதண்டம் முதல் வரிசையில் உட்கார வைக்கப்பட்டார். விளக்கை அணைத்தார்கள். நாற்காலி காற்றில் சுற்றியபோது முணுமுணுப்பு. அவர் அதன் மேல் உட்கார்ந்தபோது கெக்கலிப்பு. சல்யூட்டின்போது கேன்டீன் கூரை அதிர்ந்தது. சத்தமாகச் சிரித்தவர்கள் நூற்றுநான்கு பேர். தோள் குலுங்கியவர்கள் ஆறு. ஒருவர் இருமினார், அது அடக்கப்பட்ட சிரிப்பு என்று சேர்த்துக்கொள்ளப்பட்டது. சிரிக்காதவர் ஒருவர். அவர் முதல் வரிசையில் இருந்தார்.

இருமியவன் வல்லரசு. வியாசர்பாடிக்காரன், கோதண்டத்தோடு ஒன்பது வருஷமாக ஒரே ஷிப்டு. வெளியே வந்ததும் கிட்டே வந்து தலையைச் சொறிந்தான்.

“மன்ச்சிக்கண்ணா. அடக்கித்தான் பாத்தேன். அந்த சல்யூட்டு வந்தவொடனே முடில.”

“வுடுடா.”

“குழித் தண்ணில வுயுந்த உன்ன நாந்தான் தூக்கனேன். உன் கை தொங்கிக்கினு இருந்திச்சி. அதுவும் கண்ணுல நிக்கிது. சிரிப்பும் வருது. இன்னா ஜென்மமோ.”

கமிட்டி ஒருமனதாக முடிவுக்கு வர ஒரே ஒரு தடைதான் இருந்தது. ஜெரின் கோதண்டத்தைத் தனியாக அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். சம்பந்தப்பட்டவரே சிரித்துவிட்டால் கோப்பை மூடிவிடலாம். ஒப்பந்தக்காரர் இரண்டு கையும் வேலை செய்கிற ஆளைத்தான் கேட்கிறார். ஆனால் சிரித்தால் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று தருவதாக சுப்புராஜ் சாரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் வேம்புவிடம் சொன்னார். அந்த வீடியோவைப் பார்க்காத ஒரே ஆள் அவர் மனைவி வேம்புதான். அடுத்த வீட்டுக்காரி காட்ட வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டவள்.

“சிரிச்சிட்டு வா” என்றாள் வேம்பு, அரிசி களைந்துகொண்டே. “அயுவுறத இங்க வந்து வெச்சிக்க.”

ஜெரின் அறையில் வீடியோவை எட்டு தடவை போட்டார்கள். எட்டிலும் வரவில்லை. டாக்டர் ஜெமிமா, “உங்களை வேறு யாரோ என்று நினைத்துக்கொள்ளுங்கள்” என்றார். ஒன்பதாவது தடவை கோதண்டம் அப்படியே நினைத்தார். யாரோ ஒரு வழுக்கைத் தலை ஆள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து போகிறான். முகத்தில் அவ்வளவு பெரிய ஆச்சரியம். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. “இயல்பான சிரிப்பு” என்று டாக்டர் குறித்துக்கொண்டார். கோதண்டம் கையெழுத்துப் போட்டார். நடந்தது விபத்து அல்ல, ‘சிரிப்பு நிகழ்வு’ என்று எழுதி, அதற்கென்று பச்சை அட்டை போட்ட புதுப் பதிவேடு ஒன்றும் திறந்தார்கள்.

மார்ச்சில் பாதுகாப்பு வாரம் வந்தது. சட்டையில் குத்தப் பச்சை பேட்ஜ், உறுதிமொழி, வாசகப் போட்டி, லட்டு. ‘பார்த்துச் சிரி, படித்து நட’ என்ற வாசகத்துக்கு முதல் பரிசு. சிறந்த விழிப்புணர்வுப் படம் என்று ‘சல்யூட் மாமா’வுக்குக் கோப்பை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டவர் ஜெரின். கோதண்டத்துக்குச் சால்வை. மேடையில் ஒரு சல்யூட் அடிக்கச் சொன்னார்கள். அடித்தார். நல்லவேளை, ஒடிந்தது இடது கை.

சுப்புராஜ் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நம்ம யார்டுல விபத்தே கிடையாது. ஏன்? விழுதவன் எல்லாம் சந்தோஷமா விழுதான். வெளிய எத்தன பேரு மன அழுத்தத்துல கெடக்கான்! ஒரு கோதண்டம் விழுந்தான், லட்சக்கணக்கான ஜனம் மனசாரச் சிரிச்சிது. எந்த ஆஸ்பத்திரியால இது முடியும்? நம்ம தொழிலாளி ஒவ்வொருத்தனும் ஒரு டாக்டர். இத விட ஒரு கம்பெனி சமுதாயத்துக்கு என்ன செய்யணும்ங்க?”

கைதட்டல். அவர் திரும்பி நாற்காலிக்குப் போகையில் கம்பள விளிம்பில் கால் தட்டி, ஒரு பூந்தொட்டியைக் கட்டிப்பிடித்து, தொட்டியோடு மண்டி போட்டார். சட்டை எல்லாம் மண். தலையில் ஒரு செவ்வந்தி. கம்பெனியின் ஐந்து யார்டிலிருந்தும் வந்திருந்த முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பல் தெரியவில்லை. ஒரு போன் உயரவில்லை. காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. வல்லரசுகூட இருமவில்லை.

டாக்டர் ஜெமிமா மேடையிலேயே விளக்கம் கொடுத்தார். யாருக்குமே சிரிப்பு வரவில்லை என்பதால் இது மிகக் கடுமையான நிகழ்வு. கம்பளம் அன்றே சுருட்டப்பட்டது. மேடைப் படிகள் இரண்டு நாளில் இடித்துக் கட்டப்பட்டன. பூந்தொட்டிகளுக்கு மஞ்சள் கறுப்புப் பட்டை அடித்தார்கள். ‘நேரவிருந்து தவிர்க்கப்பட்ட பெருவிபத்து’ என்று பன்னிரண்டு பக்க அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போய், உடனடி நடவடிக்கைக்காகப் பாராட்டுக் கடிதமும் வந்தது. கழுவுமேடைக் குழிக்கு இன்னும் சல்லடை வரவில்லை.

கோதண்டத்துக்குச் சொன்னபடி வேலை கொடுத்தார்கள். மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு திரை, பச்சைப் பதிவேடு. ஐந்து யார்டுகளின் கேமராக்களில் விழுகிற, சறுக்குகிற, முட்டிக்கொள்கிற காட்சிகளைத் தனியாக எடுத்து அனுப்புவார்கள். அவர் பார்த்து, சிரிப்பு வந்தால் முதல் கட்டத்திலும் வராவிட்டால் இரண்டாவது கட்டத்திலும் டிக் போட வேண்டும். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக உட்கார்ந்து செய்கிற வேலை. பார்க்கிறவர் முகத்தைப் பார்க்கவும் திரைக்கு மேலே ஒரு கேமரா மாட்டியிருந்தார்கள். ஆனால் அதை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

முதல் வாரம் அவருக்குச் சிரிப்பே வரவில்லை. ஒவ்வொருவரும் விழும்போது அவருடைய மணிக்கட்டு சுரீரென்றது. எல்லாவற்றுக்கும் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார். ஜெரின் வந்து மென்மையாகச் சொன்னார்: “அண்ணே, இப்படிப் போட்டா இந்த அறைக்கே வேலை இல்லாமப் போயிடும்.” அடுத்த வாரம் ஒருவர் கதவைத் தள்ளுவதாக நினைத்துக் கண்ணாடிச் சுவரைத் தள்ளினார். கோதண்டத்துக்குச் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் வராமல் இருந்தது குறைவு. டிபன் பாக்ஸோடு சறுக்கினவர், நாய் துரத்தி டிரம்முக்குள் குதித்தவர், தும்மி ஏணியிலிருந்து இறங்கினவர். சாயங்காலம் வேம்புவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவள் ஒருநாள் கேட்டாள்:

“அந்த டிரம்முல குதிச்சானே, அவன் எய்ந்தானா?”

வீடியோ அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்பது அப்போதுதான் கோதண்டத்துக்குப் பட்டது. யாரும் எழுந்திருப்பதை அவர் பார்த்ததே இல்லை. அவருக்கு வருகிற எல்லாமே பதினைந்து நொடிதான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, திரையில் ஒரு டிரெய்லர் லாரி. மேலே ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு தார்ப்பாய்க் கயிற்றை இழுக்கிறான். கயிறு அறுந்தது. ஆள் பின்னாலேயே போக, தார்ப்பாய் அவன் மேல் சுருண்டு விழுந்து, பாய்ச் சுருட்டு மாதிரி அவனையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு உருண்டு, லாரியிலிருந்து பொத்தென்று தரையில் விழுந்தது. அப்புறம் அந்தச் சுருட்டு எழுந்து நின்றது. கீழே இரண்டு கால் மட்டும் தெரிய, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மூன்று எட்டு வைத்து, தண்ணீர் டிரம்மில் மோதிச் சாய்ந்தது.

கோதண்டம் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு பார்க்கையில் யாரோ ஓடிவந்து தார்ப்பாயை விலக்கினார்கள். உள்ளே வல்லரசு. வாய் திறந்திருந்தது. காட்சி முடிந்தது.

கீழே இறங்கி ஓடினார். ஓட முடியவில்லை, இடுப்பை இழுத்துக்கொண்டு போனார். சம்பவம் முந்தின நாள் மதியமே நடந்திருந்தது, மாடிக்கு வந்து யாரும் சொல்லவில்லை. வல்லரசை ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முதுகுத்தண்டில் முறிவு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. லாரியிலிருந்து விழுந்தபோது எலும்பு விட்டது, டிரம்மில் மோதிச் சாய்ந்தபோது நரம்பும் போய்விட்டது என்றார்களாம். தார்ப்பாய்க்குள் அவன் வைத்த மூன்று எட்டுதான் அவன் கடைசியாக நடந்தது.

கோதண்டம் மாடிக்குத் திரும்பி வந்து, பதிவேட்டில் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார். போதாது என்று பக்கத்தில் ‘சிரிப்பு வரவில்லை’ என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டார்.

பத்து நாள் கழித்து கமிட்டி கூடியது. வல்லரசின் மனைவி ரமாபாய் வந்திருந்தாள். புளியந்தோப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. விபத்து என்று எழுதிய காகிதம் வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அவளுக்கு முன்னால் டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். அவள் தொடவில்லை. வாசல் பலகையில் அன்றைக்கு 1,497.

ஜெரின் பெரிய திரையைப் போட்டார். ஒரு பாதியில் லாரியும் தார்ப்பாயும். மறுபாதியில் கோதண்டத்தின் முகம். வாய் பிளந்து, பல்லெல்லாம் தெரிய, தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரிக்கிற முகம். கோதண்டம் தன் முகத்தை அப்படிப் பார்த்ததே இல்லை. ரமாபாய் ஒரு முறை திரையையும் ஒரு முறை அவரையும் பார்த்தாள்.

“அண்ணே, நீங்க எழுதினது சிரிப்பு வரலன்னு. இதுல பதினோரு நொடி சிரிச்சிருக்கீங்க.” ஜெரினின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

“இது குற்றச்சாட்டு இல்லை” என்றார் டாக்டர் ஜெமிமா. “அவருடைய மூளை உண்மையைத்தான் சொன்னது. பேனாதான் பொய் சொன்னது. நெருங்கிய நண்பரே சிரித்திருக்கிறார் என்றால், பாதிப்பு நிகழ்ந்த நேரத்தில் பாதிப்பு இல்லை என்றுதான் அர்த்தம். பிறகு என்ன நடந்தது என்பது நம் ஆய்வுக்கு வெளியே.”

“கோதண்டம், நீ விசுவாசமான ஆளு” என்றார் சுப்புராஜ். “சிரிச்சேன்னு ஒரு கையெழுத்துப் போடு. தங்கச்சிய நாங்க வெறுங்கையோடயா அனுப்புவோம்? தையல் மிஷின் வாங்கித் தருவோம். மேடையில வச்சுக் குடுப்போம்.”

பேனாவை நீட்டினார்கள். கோதண்டம் எழுந்து நின்றார். நிற்கும்போது இடுப்பு எப்போதும் போல ஒரு பக்கம் சாய்ந்தது.

“சிரிச்சேன் சார்” என்றார். “பொய் எய்தினது தப்பு. உள்ள ஆளு கீறான்னே தோணல எனுக்கு. தார்ப்பாய்க்குக் காலு மொளச்சி நடக்கிற மாரி இருந்திச்சி. சிரிச்சேன். அவன் முதுவும் ஒட்ஞ்சிச்சி. ரெண்டும் நடந்திச்சி சார். ஒண்ணு நடந்தா இன்னொண்ணு நடக்காதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது? என்னியப் பாத்து நீங்க சிரிச்சீங்க, என் கையும் ஒட்ஞ்சிது. அது மாரித்தான். ரெண்டியும் எய்திக்குங்க.”

டாக்டர் ஜெமிமா முதல் முறையாக அவருடைய மணிக்கட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு, குறிப்பேட்டில் ஒன்றும் எழுதாமல் மூடினார்.

ஜெரின் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அண்ணே, இதுல ரெண்டு கட்டந்தான் இருக்கு. ரெண்டுலயும் டிக் போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது.”

“அப்ப கம்ப்யூட்டர்கிட்ட ஒரு தபா வந்து அவனப் பாக்கச் சொல்லு.”

சுப்புராஜ் எழுந்துவிட்டார். பதிவேடு எழுதியவரின் நம்பகத்தன்மை சந்தேகத்துக்கு இடமாகிவிட்டதால் இந்த நிகழ்வை வகைப்படுத்துவது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்று குறிப்பு எழுதச் சொன்னார். அடுத்த கூட்டம் கேடயம் வாங்கிய பிறகு. கோதண்டம் நாளையிலிருந்து வர வேண்டியதில்லை. அடையாள அட்டையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். ரமாபாயைப் பார்த்து, “தையல் மிஷின் எப்பவும் உண்டும்மா” என்று கும்பிட்டார்.

இருவரும் வெளியே வந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கரித்தூளும் தூசியுமாக லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஓரமாக நடந்தார்கள். கோதண்டம்தான் முதலில் பேசினார்.

“லேபர் ஆபீசுக்குப் போலாம்மா. கயிறு எத்தினி நாளா இத்துப்போயிருந்திச்சின்னு எனுக்குத் தெரியும். வீடியோவுல பாத்த சாட்சின்னு எய்திக் குடுக்கறேன்.”

“சிரிச்சதயும் எய்துவியாண்ணா?”

“அதயும் எய்துவேன். அத மறச்சா மீதிய எவன் நம்புவான்?”

ரமாபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு டிரெய்லர் கடந்து போகும்வரை நின்றாள்.

“உன்னோட வீடியோ வந்தப்ப எங்க வூட்டு ஆளு என்னிக்கோ ஒருநாளு ராத்திரி சோறு துன்றப்ப போன்ல காட்டிச்சி. நா சிரிச்சேண்ணா. இன்னொரு தபா போடுன்னு கேட்டு வாங்கிப் பாத்தேன். பசங்களயும் கூப்ட்டுக் காட்டனேன்.”

“வுடும்மா.”

“இல்ல. அப்ப கேக்கத் தோணல. இப்பக் கேக்கறேன்.” அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், வளைந்து கூடியிருந்த இடது மணிக்கட்டைப் பார்த்தாள். “ரொம்ப வலிச்சிதாண்ணா?”

எக்ஸ்ரே எடுத்தவரிலிருந்து கேன்டீனில் சிரித்த நூற்றுப்பதினோரு பேர் வரை, வீட்டுக்கு வெளியே எவரும் கேட்காத கேள்வி அது. “ஆமாம்மா” என்று சொல்லக் கோதண்டம் வாயெடுத்தார். உதடு கோணிக்கொண்டது. நடுரோட்டில், லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அழுதார். ரமாபாய் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, அவரை முதலில் ஏறச் சொல்லி, இடுப்பு வலிக்காதபடி பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள்.